அட்டையில் மீன் இருந்த கட்டுரை

நூலகத்தில் அவரை எல்லோரும் 'மூணு மாசம்' என்றுதான் சொல்வார்கள். பழைய பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைப் பற்றிய குறிப்பு அட்டைகள் மரப்பெட்டிகளில் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று மாதத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவரை எடுத்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது பத்தொன்பது வருஷம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் மரியாதையாக 'மூணு மாசம் அக்கா' என்று சொல்வார்கள். நாமும் அக்கா என்றே சொல்லலாம்.

அக்காவின் இடம் மூன்றாவது மாடி. இரண்டு கம்ப்யூட்டர், காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், அதற்குப் பின்னால் கூரை வரை இரும்பு அலமாரிகள். வருஷ வாரியாக பைண்ட் செய்த பத்திரிகைகள் அவற்றில் நிற்கும். கம்ப்யூட்டரில் ஒரு கட்டுரைக்கு ஒரு பதிவு இருக்கும். தலைப்பு, எழுதியவர், பத்திரிகை, மாதம், பக்கம், கடைசியில் கட்டுரை எதைப் பற்றியது என்று ஒரு வரி. சில பத்திரிகைகளுக்குப் பக்கத்தின் படமே திரையில் வந்துவிடும். பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பதிவு மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போய்த் தூசியைக் கிளப்ப வேண்டும்.

வருகிறவர்கள் பலவிதம். ஆராய்ச்சி செய்கிறவர்கள், வக்கீல்கள், தாங்கள் பிறந்த வாரத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வருகிறவர்கள். ஒருமுறை ஒரு பெரியவர் தன் இருபது வயதில் அச்சான கவிதையைத் தேடி வந்தார். அக்கா அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். அவர் நின்றபடியே படித்தார், இன்னொரு முறை படித்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை இங்கேருந்து எடுத்துட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "ஊருக்கே தேடிக் குடுக்கறே. என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டா மட்டும் எனக்குத் தெரியாதுங்கறே" என்பார். "உங்க கண்ணாடி பத்திரிகையில வரட்டும், தேடித் தர்றேன்" என்பார் அக்கா.

அந்தத் திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்தபோது, லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணுகிறது போலிருக்கிறது என்றுதான் அக்கா நினைத்தார். அவர் பத்து வருஷமாக மாதம் ஒருமுறை அந்தக் கட்டிடத்துக்கு வருகிறவர். நூலகத்தின் மேலிருந்து கீழ்வரை எல்லாம் பார்த்திருக்கிறார், ஆனால் எல்லாம் லிஃப்ட் குழிக்குள்ளிருந்துதான். ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. ஒருமுறை அக்கா இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டபோது அவர்தான் வந்து வெளியே எடுத்தார். உள்ளே இருந்து அக்கா அழுததை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகவே அவர்மேல் அக்காவுக்குத் தனி மரியாதை.

"என்ன தம்பி, இன்னிக்கு தேதி இல்லையே?"

"லிஃப்டுக்கு வரலக்கா. ஒரு பத்திரிகை வேணும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். மெக்கானிக் உட்காரவில்லை. கையில் கிரீஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவருடைய தங்கை தையல் வேலை செய்கிறவள். பித்தப்பையில் கல். அது வழியை அடைத்துக்கொண்டதால் வலியில் துடிக்கிறாள். வியாழக்கிழமை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததா? அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது, முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், மேசையிலேயே உயிர் போய்த் திரும்பி வந்தது என்று வீட்டில் பேச்சு உண்டு. என்ன ஆனது என்று டாக்டர் கேட்டார். அதுதான் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவ்வளவு பழைய காகிதங்களை வைத்திருப்பதில்லையாம்.

"டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னா, சில பேருக்கு மூச்சு திரும்ப லேட்டாகும், சில பேருக்கு வேற மாதிரி ஆகும். ஒண்ணுக்கு ஒண்ணு ஏற்பாடு வேறயாம். எதுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. ரொம்ப நாள் தள்ளவும் முடியாதாம்." "அப்பா கேஸைப் பத்தி அப்போ ஆபரேஷன் பண்ண டாக்டரே ஒரு பத்திரிகையில எழுதினாருக்கா. அப்பா அதை ட்ரங்க் பெட்டியில வச்சிருந்தாரு. ஒரு மழையில பெட்டியோட ஊறிப் போச்சு. உங்ககிட்ட எல்லாப் பத்திரிகையும் இருக்குன்னு சொல்வாங்களே."

"பத்திரிகை பேரு?"

"தெரியாது."

"டாக்டர் பேரு?"

"பெரிய டாக்டர்னுதான் அப்பா சொல்வாரு."

"நீங்க படிச்சதில்லையா தம்பி?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "எப்பவும் பெட்டியில இருக்குதானேன்னு விட்டுட்டோம்க்கா."

அக்கா வீட்டிலும் அப்படிப் படிக்காமல் விட்ட காகிதங்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். முதலில் சுருக்கு, பிறகு தேடு. அகலமாகத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கண்ணைக் கட்டிவிடும். அதனால் திரையின் இடது ஓரத்தில் 'மருத்துவம்' என்ற கட்டத்தைத் தட்டினார். வருஷத்தை முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக வைத்தார். ஆபரேஷன், அறுவை சிகிச்சை, மயக்க மருந்து என்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் வந்தன. அத்தனையையும் படித்து அறுபத்தொன்றைப் பொறுக்கினார். அந்த அறுபத்தொன்றையும் அலமாரியிலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மெக்கானிக் ஏணியில் ஏறி மேல்தட்டுத் தொகுதிகளை எடுத்துக் கொடுத்தார். உயரம் அவருக்குப் பழக்கம், எழுத்துதான் பழக்கமில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து உதட்டை அசைத்துப் படித்தார். குடல்வால் பற்றி, கண்புரை பற்றி, பல் பிடுங்குவது பற்றி, மயக்க மருந்து கண்டுபிடித்த கதை பற்றி எல்லாம் வந்தது. அவருடைய அப்பா வரவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அரைத்த மாவையே அரைத்தார்கள். மாலையில் மெக்கானிக் கை கழுவிக்கொண்டு வந்து, "ரொம்ப தொந்தரவு குடுத்துட்டேன்க்கா" என்றார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து வீட்டுக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கிடைக்கலையா?"

"இல்லைங்க. இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் பார்த்துட்டேன்."

"இருக்க வேண்டிய இடத்துல பார்த்தா என் கண்ணாடி கூடத்தான் கிடைக்காது. நேத்து அது அரிசி டப்பா மேல இருந்துச்சு" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

புதன்கிழமை காலையில் அக்கா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மெக்கானிக் வந்ததும், "அந்தப் பத்திரிகையைக் கண்ணால பார்த்தவங்க வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பாவின் அக்கா ஒருத்தி, அதாவது அத்தை, வேறு ஊரில் இருந்தாள். காது கொஞ்சம் மந்தம், வாய்க்கு அந்தக் குறை கிடையாது. மெக்கானிக் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை, அந்தப் பத்திரிகை ஞாபகம் இருக்கா?"

"எந்தப் பத்திரிகைடா? உன் கல்யாணப் பத்திரிகையா? அதுலதான் என் பேரைப் போடாம விட்டீங்களே."

"அது இல்ல அத்தை. அப்பாவைப் பத்தி டாக்டர் எழுதினது. பெட்டியில இருந்துச்சே."

"ஓ, அதுவா. உள்ள என்ன இருக்குன்னு நான் பார்க்கல. எனக்கு எங்க படிக்கத் தெரியும்? அட்டை நல்லா இருந்துச்சு. மீன் படம்."

"அத்தை, டாக்டர் எழுதின பத்திரிகை. மீன் எப்படி வரும்?"

"எனக்குக் காதுதான்டா போச்சு, கண்ணு போகல. மீனுதான். பெட்டி பெட்டியா அடுக்கி வச்ச மீனு. உங்கப்பன்கிட்டயே கேட்டேன், ஏன்டா ஆஸ்பத்திரிக்காரங்க மீன் விக்க ஆரம்பிச்சுட்டாங்களான்னு. சிரிச்சானே தவிர பதில் சொல்லல."

மெக்கானிக் சங்கடத்தோடு அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, திரையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் குறிப்பு அட்டைகளை ஏற்றத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் அது எந்தத் துறை என்று யோசித்துக் குறித்தால் மூன்று மாதத்தில் முடியாது. அப்போது ஒரு குறுக்கு வழி சொல்லப்பட்டது. பத்திரிகைக்கு ஒரு துறை போட்டுவிடலாம், அதில் வரும் கட்டுரை எல்லாம் அதே துறைக்குப் போகட்டும். மருத்துவப் பத்திரிகை என்றால் மருத்துவம். விவசாயப் பத்திரிகை என்றால் விவசாயம். மேலிடத்தில் மெச்சினார்கள். அந்த யோசனையைச் சொன்னது வேறு யாருமில்லை, அக்காதான். மூன்று மாதத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்திருந்த காலம் அது.

அப்படியென்றால் ஒரு டாக்டர் மீன் பத்திரிகையில் எழுதினால்? அது மருத்துவத்துக்குள் வரவே வராது. இரண்டு நாளாக அவர் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தேடியிருக்கிறார், பூட்டினதும் அவரே.

"தம்பி, தப்பு என்னுது" என்றார் அக்கா. மருத்துவத்தை எடுத்துவிட்டு 'தொழில்' என்ற கட்டத்தைத் தட்டினார். அதே வருஷங்கள். 'அறுவை சிகிச்சை' என்று போட்டார்.

மூன்று பதிவுகள் வந்தன. முதலாவது கத்தரிக்கோல் செய்யும் பட்டறை பற்றியது. இரண்டாவது ரப்பர் கையுறை. மூன்றாவது, குளிர்பதனக் கிடங்குக்காரர்களின் சங்கம் நடத்தும் மாத இதழில் வந்தது.

'ஒரு மதியம், இருபது பாளம் ஐஸ். எழுதியவர்: ஒரு மருத்துவர். பக்கம் 11 முதல் 14. அறுவை சிகிச்சையின்போது உடல் சூடு அளவு மீறி ஏறிய நோயாளிக்காக ஐஸ் அனுப்பிய தொழிலாளர்களுக்கு மருத்துவர் நன்றி சொல்கிறார். நோயாளி தச்சர், வயது 28.'

மெக்கானிக் விரலை வைத்துப் படித்தார். 'தச்சர்' என்ற சொல்லில் விரல் நின்றது. "அப்பா தச்சர்தான்க்கா" என்றார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்காவுக்கு அந்தக் குறிப்பு யாருடையது என்று தெரிந்தது. பெயர் தெரியாது, கையெழுத்து தெரியும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நூலகத்தில் அட்டை எழுதியவர்களில் ஒருவர், பச்சை மையில் எழுதியவர். ஒரு வரி எழுதச் சொன்னால் மூன்று வரி எழுதுகிறவர். அவருடைய அட்டைகள் வரும்போதெல்லாம், ஐஸ் பெட்டி பத்திரிகைக்கு இவ்வளவு விளக்கம் யார் கேட்டது என்று விரல் வலியோடு திட்டிக்கொண்டே அக்கா தட்டியிருக்கிறார். யாரும் புரட்டாத ஒரு பத்திரிகையை அவர் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார், நோயாளியின் வயதைக்கூட விடவில்லை. அக்கா திரைக்கு முன்னால் கைகூப்பிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

அடுத்த வேலை சுலபமில்லை. பதிவு இருந்ததே தவிர பத்திரிகை அங்கே இல்லை. இடப் பற்றாக்குறையால் தொழில் பத்திரிகைகளை எல்லாம் எப்போதோ ஒரு பாலிடெக்னிக் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா அங்கே போன் போட்டார். எடுத்தவர் அந்த நூலகர். தூங்கி எழுந்ததுபோல ஒரு குரல்.

"குளிர்பதனக் கிடங்கு இதழா? இங்க வந்ததிலேருந்து அதை ஒருத்தரும் கேட்டதில்ல மேடம். நீங்கதான் முதல் ஆள். வந்தா மாலை போட்டு வரவேற்கறேன்."

"சார், நாளைக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன். அந்த நாலு பக்கத்துலதான் விஷயம் இருக்கு."

குரல் மாறிவிட்டது. "லைன்லயே இருங்க" என்றார். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. கதவு ஒன்று முனகியது. பத்து நிமிஷம் ஆனது. மெக்கானிக் லிஃப்ட் கயிற்றைப் பார்ப்பதுபோல போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கிடைச்சிருச்சு. கரையான் அரிச்சிருக்குமோன்னு பயந்தேன். ஓரம்தான் போயிருக்கு, எழுத்து பத்திரமா இருக்கு. போட்டோ எடுத்து அனுப்பறேன். அதுக்கு முன்னாடி படிக்கட்டுமா?"

அவர் படித்தார். இங்கே இருவரும் மேசைமேல் குனிந்து கேட்டார்கள்.

"'இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினால் மருத்துவர்கள்தான் படிப்பார்கள். ஐஸ் உடைத்தவர்கள் படிக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். மயக்கம் கொடுத்துக் கால் மணி நேரத்துக்குள் அந்தத் தச்சரின் தாடை இறுகியது, உடல் பலகைபோல் விறைத்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ஆபரேஷனை நிறுத்திவிட்டோம். எங்களிடம் இருந்த ஐஸ் ஒரு வாளி. ஐஸ் ஆலைக்குப் போன் செய்தோம். மீனுக்கு அனுப்ப வைத்திருந்த இருபது பாளங்களை அவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கிவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்திலேயே உட்கார்ந்து உடைத்து உடைத்துக் கொடுத்தார்கள்...'"

பாலிடெக்னிக் நூலகர் நிறுத்தினார். "ஏன் மேடம், இது யாரு?"

"எங்கப்பாங்க" என்றார் மெக்கானிக்.

நான்கு பக்கமும் போனில் வந்து சேர்ந்ததும் மெக்கானிக் படிக்கட்டில் இறங்கி ஓடினார். லிஃப்ட் அந்த மாடியில்தான் நின்றிருந்தது. அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மயக்க மருந்து டாக்டர் முதல் பக்கத்தைப் படித்ததுமே எழுந்துவிட்டாராம். இது பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்றார். தங்கையை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆபத்தைக் கிளப்பும் மருந்துகளைத் தொடாமல் வேறு மருந்துகளால் மயக்கம் கொடுத்தார்கள். ஒருவேளை சூடு ஏறினால் கொடுப்பதற்கு இப்போது தனி மருந்தே இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மதியம் அக்காவின் போனுக்கு மெக்கானிக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. படத்தில் ஒரு சின்ன பாட்டிலுக்குள் உருண்டை உருண்டையாகக் கற்கள். கீழே எழுத்து ஒன்றும் இல்லை. பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதன்பின் அக்கா தன் குறுக்கு வழியைத் திருத்தத் தொடங்கினார். தொழில் பத்திரிகைகளில் ஒளிந்திருக்கும் மருத்துவம், விவசாயப் பத்திரிகைகளில் ஒளிந்திருக்கும் சட்டம் என்று ஒவ்வொரு பதிவாகப் பார்த்து இன்னொரு துறையையும் சேர்த்தார். நாளுக்கு நாற்பது பதிவு முடியும். எத்தனை வருஷம் ஆகும் என்று யாரோ கேட்டதற்கு, "மூணு மாசம்" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தங்கை நேரில் வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் படியேறித்தான் வந்திருந்தாள். அக்கா பாலிடெக்னிக்கிலிருந்து வரவழைத்து வைத்திருந்த தொகுதியைத் திறந்து கொடுத்தார். அவள் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் டாக்டர் ஒவ்வொருவராகச் சொல்லியிருந்தார்: லாரி ஓட்டியவர், ஐஸ் உடைத்தவர்கள் நால்வர், சாக்கு விரித்தவர், ஆலைக் கணக்கர், அன்று மீன் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன வியாபாரி.

"அப்பா இவங்களைப் பார்த்திருப்பாராக்கா?"

"தெரியலம்மா. அப்போ அவருக்கு நினைவே இருந்திருக்காது."

அவள் முன்அட்டைக்குத் திருப்பினாள். பெட்டி பெட்டியாக மீன். அத்தை சொன்னது சரிதான்.

"இந்தப் பத்திரிகை இன்னும் வருதாக்கா?"

அக்கா எழுந்து போய்ப் புதிய இதழ்கள் வைக்கும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். சங்கம் இலவசமாக அனுப்புவது. உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அட்டையில் இப்போது மீன் இல்லை, பளபளவென்று ஒரு இயந்திரம். உள்ளே மூன்றாம் பக்கத்தில் ஆசிரியருக்குக் கடிதம் எழுத முகவரி இருந்தது.

"ஒரு பேப்பர் குடுங்கக்கா."

பிரிண்டரிலிருந்து இரண்டு தாள் உருவிக் கொடுத்தார் அக்கா. தங்கை ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். துணி வெட்டுவதற்கு முன் கோடு போடுகிறவளைப்போல இடது கையால் தாளை நீவிவிட்டாள். 'ஐயா' என்று எழுதிவிட்டுத் திரும்பவும் அந்த மீன் அட்டையைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"முப்பத்து நாலு வருஷம் ஆச்சு. அவங்கள்ல யாராவது இருப்பாங்களா?"

"இருப்பாங்க. இல்லன்னா அவங்க பிள்ளைங்க இருப்பாங்க. எழுதும்மா."

தங்கை பேனாவைத் தாளில் வைத்தாள். 'நான் அந்தத் தச்சரின் மகள். அன்று நீங்கள் ஐஸ் உடைத்துக் கொடுத்தபோது நான் பிறக்கவில்லை' என்று எழுதினாள். அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை.